எப்சிபா அக்காள்

கல்லிடைக்குறிச்சி
12.2.2024

அன்புத் தங்கை எப்சிபாவுக்கு அக்காள் சாலோமி எழுதுவது.

நேற்றுவரை நம்மைச் சுமந்தவருக்கு ஸ்தோத்திரம். இங்கே அத்தானும் நானும் சுகம். என் கணக்கில் தொண்டையை மட்டும் கழித்துக்கொள். அங்கே நீயும் ஆசீர் தம்பியும் சுகமா?

கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. கெட்ட கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் குரல் வரவில்லை, காற்றுதான் வருகிறது. போனில் பேச முடியாது. தட்டி அனுப்பலாம் என்றால், நான் எழுத்து எழுத்தாகத் தேடி நாலு வரி அனுப்புகிறேன், நீ கைகூப்புகிற படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். அந்தப் படத்துக்கு என்ன பதில் சொல்வது? அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது வருவாய் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் பெயின்ட் கடையில் வேலை இருந்திருக்கும். தச்சநல்லூரிலிருந்து இங்கே எவ்வளவு தூரம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை வந்து ஞாயிறு ஆராதனைக்கு இருந்துவிட்டுப் போ. கொயரில் நான் நின்று பாடுகிற இடம் சும்மா கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார முடியவில்லை.

வழி பார்த்திருக்கும்,
சாலோமி


தச்சநல்லூர்
3.3.2024

பிரியமுள்ள அக்காளுக்கு எப்சிபா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். அவர் சுகம். கடை நடக்கிறது.

வர வேண்டும் என்றுதான் இருக்கிறேன். லெந்து உபவாச நாட்கள் தொடங்கிவிட்டன, வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நான்தான் செயலாளர் என்பதால் நகர முடியவில்லை.

பாளையங்கோட்டைச் சித்தி உன்னைப் பார்த்துவிட்டு வந்த கையோடு எனக்குப் போன் செய்தாள். "சாலோமி முகத்தப் பாத்தாலே ஜெபம் பண்ணுன மாரி இருக்குட்டி" என்றாள். குரல் போனவள் முகத்தில் அத்தனை சமாதானமாம். நீயும் போய்ப் பார், கொஞ்சம் உனக்கும் ஒட்டட்டும் என்று வேறு சொன்னாள்.

உனக்குச் சின்ன வயதிலிருந்தே எதைப் போட்டாலும் பொருந்தும். அம்மா ஒரே துணியில் நம் இரண்டு பேருக்கும் பாவாடை தைப்பாள். உனக்குப் பாவாடையாக இருக்கும், எனக்குத் தலையணை உறையாக இருக்கும். இப்போது வியாதியும் உனக்குப் பொருந்திவிட்டது போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

எப்சிபா


கல்லிடைக்குறிச்சி
11.3.2024

எப்சிக்கு,

நீ சுகமாயிருக்க என் ஜெபம். தலையணை உறையை வாசித்துச் சிரித்தேன். என் சிரிப்பும் இப்போது காற்றுதான்.

என் வீட்டில் கூட்டம் குறையவில்லை. அடுத்த வீட்டு இசக்கியம்மா அப்பளம் இட மாவையும் பலகையையும் எடுத்துக்கொண்டு இங்கேயே வந்துவிடுகிறாள். மருமகள் கதை முழுக்கச் சொல்லிவிட்டு, "ஒங்கிட்ட சொன்னாத்தான்க்கா மனசு ஆறுது" என்கிறாள். ஆறாமல் என்ன செய்யும்? நான் குறுக்கே ஒரு வார்த்தை பேச முடியாதே. கோயிலிலிருந்தும் வருகிறார்கள், அழுகிறார்கள், முகம் தெளிந்து போகிறார்கள். நான் தலையை ஆட்டுகிறேன்.

ஈஸ்டருக்கு வருவாயா? ஆசீர் தம்பியையும் கூட்டி வா. உன் கடிதத்தில் உன் வீட்டுக்காரர் பெயரே இல்லை.

சாலோமி


தச்சநல்லூர்
21.4.2024

அக்காளுக்கு,

இங்கே சுகம், அங்கே சுகமறிய ஆவல். அதை எழுதியாயிற்று.

ஈஸ்டருக்கு ஏன் வரவில்லை என்று கேட்காதே. சித்தி மறுபடி போன் செய்தாள். குருத்தோலை ஞாயிற்றுக்கிழமை நீ கோயிலில் சாட்சி சொன்னாயாம். பேச முடியாதவள் எப்படிச் சொன்னாள் என்றேன். நீ எழுதிக் கொடுத்து அத்தான் வாசித்தாராம், கோயில் முழுக்க அழுததாம்.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது அக்கா. மரியாதையான வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. நீ பாடுகிற காலத்தில் உன் குரலைப் பார்த்துப் பொறாமை. குரல் போனதும் இதுவும் என்னை விட்டுப் போய்விடும் என்று இருந்தேன். கூடித்தான் இருக்கிறது. பாடினாலும் நீ, பாடாவிட்டாலும் நீ.

கல்யாணமாகும்வரை நம் ஊர்க் கொயரில் நீ மேலே ராகம் பாட, நான் உன் பக்கத்தில் நின்று கீழ்க்குரலில் ஆல்ட்டோ பாடினேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் உன் கையைப் பிடிப்பார்கள். ஆல்ட்டோ நன்றாக இருந்தது என்று ஒரு ஆள் சொன்னதில்லை. ஆல்ட்டோ தப்பினால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும்.

இங்கே மாதக் கடைசியில் சாட்சிக் கூட்டம். மைக்கைக் கையில் கொடுப்பது என் வேலை. ஒருத்திக்குக் கிட்னி, ஒருத்திக்குப் பிள்ளை விபத்து. அழுதுகொண்டே எழும்பி ஸ்தோத்திரம் சொல்லும்போது அவர்கள் முகம் மாறிவிடுகிறது, நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். "நீங்க சொல்லுங்கக்கா" என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்தால், எல்லாம் சுகம், தேவனுக்கு மகிமை என்று சொல்லி அணைத்துவிடுகிறேன். கஷ்டத்தைக்கூடக் கர்த்தர் உனக்குத்தான் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார். எனக்கு வருவது எதுவும் மைக்கில் சொல்லுகிற மாதிரி வருவதில்லை.

எப்சிபா


கல்லிடைக்குறிச்சி
29.4.2024

என் எப்சிக்கு,

கர்த்தர் உன்னைக் காக்கட்டும், எனக்குப் பொறுமை தரட்டும்.

இனி நான் எழுதுவது சித்தி காதுக்குப் போகக் கூடாது. அந்தச் சாட்சியில் நான் எழுதியது மூன்றே வரி. குரலைக் கேட்டேன், இன்னும் தரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான். அத்தான் மூன்றாவது வரியை வாசிக்க முடியாமல் அழுதுவிட்டார். அவர் அழுததைப் பார்த்துக் கோயில் அழுதது. நான் அழவில்லை, கோபமாக நின்றுகொண்டிருந்தேன்.

நான் பேசாமல் இருக்கிறேன், அதைச் சமாதானம் என்கிறார்கள். உள்ளே கர்த்தரோடு நான் போடுகிற சண்டை வெளியே கேட்டால் சித்தி பஸ் ஏறி ஓடிவிடுவாள். இருக்கிற எத்தனையோ பேரை விட்டு, பாடுகிறவள் தொண்டைதானா கிடைத்தது என்று தினமும் கேட்கிறேன். கேட்காத நாள் இல்லை.

ஆனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஈஸ்டர் அன்று கொயர் பக்கம் பார்க்க முடியாமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடியிருந்தேன். பாட்டுக்குக் கீழே இன்னொன்று போவது கேட்டது. என்ன அது என்று கவனித்தால், ஆல்ட்டோ. மூன்று பெண்கள் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் பைய ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேலே பாடுகிறவள் அந்தப் பிடியில் நின்றுதான் பாடுகிறாள்.

சின்ன வயதிலிருந்து நான் பாடினேனே தவிர, பாட்டைக் கேட்டதில்லை எப்சி. உன்மேல் நின்றுகொண்டு பாடியிருக்கிறேன், அது எனக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்குத்தான் அழுதேன். எல்லோரும் குரலை நினைத்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். இந்தத் தொண்டை போனதில் இதுவரை எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். சண்டையை விடவில்லை. ஆனால் இப்போது சண்டை போட்டுவிட்டு, பதிலுக்குக் கொஞ்ச நேரம் காது கொடுத்து உட்காருகிறேன்.

ஜூன் இருபத்தாறாம் தேதி பாளையங்கோட்டையில் மறுபடி ஒரு சின்ன ஆபரேஷன். குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள். உங்கள் சபையில் ஜெபிக்கச் சொல். அன்றைக்கு நீ பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயம் குறையும்.

ஆசீர் தம்பியைப் பற்றிக் கேட்டேன். நீ பதில் எழுதவில்லை.

சாலோமி


தச்சநல்லூர்
27.5.2024

அக்காளுக்கு,

சுகம். வெயில்தான் தாங்கவில்லை.

ஆல்ட்டோவைப் பற்றி எழுதியிருந்ததை மறுபடி மறுபடி வாசித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. இவ்வளவு வருஷம் கழித்தா என்று கோபம் வருகிறது, பிறகு அந்தக் கோபம் நிற்கவும் மாட்டேன் என்கிறது.

சபையில் ஜெபிக்கச் சொல்லுகிறேன். இங்கே யாருக்கும் உன்னைத் தெரியாது. எனக்கு ஒரு அக்காள் உண்டு, பாடுவாள் என்று நான் சொன்னதே இல்லை.

அவர் சுகம் என்றால் சுகம்தான். அதில் எழுத என்ன இருக்கிறது?

எப்சிபா


தச்சநல்லூர்
10.6.2024

அக்கா,

இந்தக் கடிதத்துக்கு முகவுரை இல்லை. நான் நல்ல சுகமாக இருக்கிறேன், அதுதான் இப்போது சிக்கல்.

நேற்று ஜலதோஷத்தில் தொண்டை கட்டிவிட்டது, கோயிலுக்குப் போகவில்லை. உனக்கான ஜெபக் குறிப்பை ஒரு சீட்டில் எழுதி எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன். சாலோமி என்று எழுதக் கை வரவில்லை. எழுதினால் யார் அந்தச் சாலோமி, எப்படிப் பாடுவாள் என்று கேட்பார்கள், இங்கேயும் நீயே ஆகிவிடுவாய். அதனால் 'எப்சிபா அக்காள் தொண்டை ஆபரேஷனுக்காக ஜெபிக்கவும்' என்று எழுதினேன். எப்சிபாவினுடைய அக்காள். சரிதானே?

ஆனால் சபையில் சின்னப் பிள்ளை முதல் உபதேசியார்வரை என்னைக் கூப்பிடுவதே எப்சிபா அக்கா என்றுதான். உபதேசியார் எழுதினதை எழுதினபடி வாசித்துவிட்டார். சபை முழங்காலில் நின்று எனக்காக ஜெபித்திருக்கிறது.

சாயங்காலம் வாசல் நிறையச் செருப்பு. ரொட்டி, ஆரஞ்சு, ஹார்லிக்ஸ். எனக்கில்லை, எங்கள் அக்காளுக்கு என்று சொல்ல வாயைத் திறந்தால் கரகரவென்று காற்றுதான் வந்தது. "பேசாதீங்கக்கா, பேசாதீங்க" என்று நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் பாத்து, சத்தம் கேட்டு வந்தவள், துவா செய்கிறேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கஞ்சி கொண்டுவந்தாள். சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பிடித்திருந்தது. உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

உபதேசியார் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். "ஆண்டவரே, இந்த மக யாருட்டயும் சொல்லாம உள்ளுக்குள்ளயே வச்சிருக்க பாரத்த நீர் பாக்கீர்" என்றார். அக்கா, நான் உடைந்துவிட்டேன். அவர் தொண்டையைச் சொன்னார். எனக்கு வேறு கேட்டது.

நீ கேட்டுக் கேட்டு நான் எழுதாததை எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் அன்று அவருடைய அண்ணன்மார் வந்திருந்தார்கள். கேக்கை வெட்டும்போது என்னைப் பாடச் சொன்னார்கள். இவர் சிரித்துக்கொண்டே, "இவ பாடுனா கூட்டத்தோட கூட்டம். சாலோமி மதினி பாடுனா கோயிலே நிக்கும்" என்றார். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "பாட்டு கேக்கத் தெரியுது, யாவாரம் பாக்கத் தெரியலையே. அண்ணன்மாரு கைதூக்கி விட்டுத்தான கட ஓடுது" என்றேன். அவர்கள் முன்னாலேயே சொன்னேன். அன்றைக்கு வாயை மூடியவர்தான். சோறு வைத்தால் தின்பார், ஆள் முன்னால் இரண்டு வார்த்தை பேசுவார், கதவை அடைத்தால் வீட்டில் சத்தமே கிடையாது. உன் தொண்டை விஷயத்தைக்கூட நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லப் பேச்சு இருந்தால்தானே.

நேற்று கூடங்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தவர், ஜெபம் நடக்கும்போது வாசலில் வந்து நிற்கிறார். யாரோ தொண்டையில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் போன பிறகு என் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "ஏளா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா" என்றார். கண்ணீர் தாடியில் இறங்குகிறது. இத்தனை மாதத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் பேசின முதல் பேச்சு.

இன்று காலையில் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். இருபத்தொன்றாம் தேதி மதுரையில் பெரிய டாக்டரைப் பார்க்கச் சொல்லி வைத்துவிட்டார். என் ஜலதோஷம் சரியாகிவிட்டது அக்கா. நான் இன்னும் கிசுகிசுவென்றுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் மறுபடி வாயை மூடிவிடுவார். உன் வியாதி இன்னும் கொஞ்ச நாள் எனக்கு வேண்டும். உன்னுடையதில் இது ஒன்றுதான் எனக்குப் பொருந்தியிருக்கிறது.

என்ன செய்யட்டும்?

எப்சி


கல்லிடைக்குறிச்சி
14.6.2024

எப்சி,

கடிதத்தை வாசித்து நான் சிரித்த சிரிப்பில் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று நினைத்து இசக்கியம்மா முதுகில் அடித்துவிட்டாள். மாவுக்கை முதுகில் அப்படியே இருக்கிறது. பிறகு கோபம் வந்தது. என் தொண்டையைத் திருப்பிக் கொடு.

நீ மட்டுமா பொறாமைப்படுவாய்? காலையில் கீரைக்காரியைக் கூப்பிட முடியாமல் வாசலுக்கு ஓடுகிறேன், அதற்குள் அவள் தெருமுனைக்குப் போய்விடுகிறாள். நீ முழுக்குரலை வைத்துக்கொண்டு கிசுகிசுக்கிறாய் என்று வாசித்தபோது எனக்கு உன்மேல் வந்த பொறாமையை எழுத முடியாது. கிறிஸ்துமஸ் அன்று நீ சொன்ன அந்தப் பேச்சைக்கூட என்னால் இப்போது சொல்ல முடியாது. அதற்கு மன்னிப்புக் கேட்பதையும் வாயால் செய்ய முடியாது.

மதுரை டாக்டர் சொல்வதற்கு முன்னால் நீ சொல். சத்தமாகச் சொல். சொன்னால் பழையபடி ஆகிவிடுவாரோ என்று பயப்படுகிறாய். ஆகலாம். எனக்கும் இருபத்தாறாம் தேதிக்குப் பிறகு குரல் வராமல் போகலாம். அதற்காக ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுக்காமல் இருக்க முடியுமா? பயத்தோடு ஏறிப் படுக்கத்தான் போகிறேன். விசுவாசத்தைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் தெரியும்.

சாலோமி


தச்சநல்லூர்
19.6.2024

அக்காளுக்கு,

சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை கடை அடைக்கிற நேரத்துக்குப் போனேன். வீட்டில் என்றால் வாய் வராது என்று தெரியும். ஷட்டருக்குக் கொக்கி எடுத்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தொண்டையில ஒண்ணும் இல்ல. எங்க அக்காளுக்குத்தான். அன்னைக்கு உங்க அண்ணன்மாரு முன்னால நான் சொன்னது தப்பு" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் ஷட்டரை இழுத்துவிட்டார், முன்னால் நடந்தார். வீட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். நீ சொன்னபடி காது கொடுத்து உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். வாயால் அழகாக ஜெபிக்கிற நான் வார்த்தையே இல்லாமல் ஜெபித்தது அன்றைக்குத்தான்.

விடிந்ததும் அடுப்படியில் ஒரே ஒரு டம்ளர் காப்பி இருந்தது. தனக்கு மட்டும் போட்டுக்கொண்டார் என்று நினைத்து வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். அதை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"மதினிக்கா தொண்ட போச்சு?" என்றார். ஆமாம் என்றேன். "நீ போயிப் பாத்தியா?" இல்லை என்றேன். "கோட்டி புடிச்சவளா நீ?" என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்து, "நானும்தான், ஆளுக முன்னால வச்சு ஒன்னய ஒப்பு பாத்தேன்லா. அது எனக்கும் தெரியும்" என்றார்.

மதுரை டாக்டருக்கு வரவில்லை என்று சொல்லியாயிற்று. இருபத்தாறாம் தேதி கடை லீவு. இரண்டு பேரும் வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழும்பி உண்மையைச் சொல்லப் போகிறேன். முதல் தடவையாக மைக்கில் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. ஆரஞ்சைத் திருப்பிக் கொடுக்க முடியாது, தின்றாயிற்று.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டதை நினைத்தால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கிறது. அதோடேயே வருகிறேன், ஏற்றுக்கொள்.

எப்சி


கல்லிடைக்குறிச்சி
8.7.2024

என் தங்கைக்கு,

நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள் சத்தமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தான் சுகம். ஆசீர் தம்பி போட்ட காப்பியைப் பற்றி அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

டாக்டர் சனிக்கிழமை பார்த்தார். இனி இவ்வளவுதான், காற்றுதான். எழுதும்போது அழுகிறேன், இதையும் சமாதானம் என்று சித்தியிடம் சொல்லிவிடாதே. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்கிற சத்தம் மட்டும் குறைந்திருக்கிறது.

ஆபரேஷனுக்குக் கூட்டிப் போவதற்கு முன்னால் கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நீ ஆல்ட்டோ பாடினாயே. பக்கத்துக் கட்டில் பெண் நீ போன பிறகு என்னிடம் கேட்டாள். "அது என்ன பாட்டுக்கா, ராகமே புடிபடலயே?" எனக்குப் பிடிபட்டது. மேல் வரி முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் அவ்வளவு நன்றாக ஒருநாளும் இருந்ததில்லை.

நேற்று கோயிலுக்கு நானும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். 'எப்சிபா அக்காளுக்காக ஸ்தோத்திரம்.' எங்கள் உபதேசியார் வாசிக்கப் போனவர், நின்று, படியிறங்கி என் பக்கத்தில் வந்தார். உங்கள் ஊர்க் கதை இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. "எந்த அக்காம்மா? எப்சிபாங்குற அக்காளா, எப்சிபாவோட அக்காளா?" என்று கேட்டார்.

எழுதிக் காட்டக் கையில் பேப்பர் இல்லை. நான் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன்.

இப்படிக்கு,
எப்சிபா அக்காள்